போஸ்டெகோக்லுவைக் கெடுத்தது எந்த நீக்கம்?

ஆஸ்திரேலியக் காற்பந்துப் பயிற்றுவிப்பாளர் ஆஞ்ச் போஸ்டெகோக்லு 2025ல் இரண்டு முறை வேலை இழந்தார். ஜூன் 6ல் இங்கிலாந்தின் ஸ்பர்ஸ் (டாட்டன்ஹம்) குழு நீக்கியது, அக்டோபர் 18ல் இன்னொரு இங்கிலாந்துக் குழுவான நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட். இரண்டையும் ஒன்றாகப் போட்டு “அவர் கதை முடிந்தது” என்று சொல்லும் காற்பந்து ரசிகர்கள் இங்கே நிறைய. நான் அப்படிப் பார்க்கவில்லை. முதல் நீக்கத்தால் அவர் பெயருக்குப் பெரிய சேதம் இல்லை. இரண்டாவது வேலையை ஏற்றுக்கொண்டதுதான் வினை.

ஸ்பர்ஸ் நீக்கியதில் நியாயம் உண்டு. 2024-25 பருவத்தில் இருபது குழுக்கள் ஆடும் இங்கிலாந்து பிரிமியர் லீக்கில் 22 தோல்வி, 38 புள்ளி, 17வது இடம். ஆனால் அதே பருவத்தில், மே 21 அன்று பில்பாவோவில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்று ஐரோப்பா லீக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். ஸ்பர்ஸுக்கு 17 ஆண்டுகளில் கிடைத்த முதல் கிண்ணம் அது.

அந்த ஆட்டத்தை வென்ற விதம்தான் முக்கியம். தற்காப்பு வரிசையை நடுக்கோடு வரை ஏற்றி நிறுத்துவது போஸ்டெகோக்லுவின் அடையாளம். 2023 ஜூலையில் நம் சிங்கப்பூர் தேசிய விளையாட்டரங்கில் உள்ளூர்க் குழுவான லயன் சிட்டி செய்லர்ஸுடன் ஸ்பர்ஸ் ஆடியபோதே அவருடைய பாணியை இங்கே நேரில் பார்த்தோம். செய்லர்ஸின் ஷவால் அனுவார் முதல் கோலைப் போட்டு அரங்கை அதிரவைத்தார். முடிவில் ஸ்பர்ஸ் 5-1 என்று வென்றது. அதே ஆண்டு நவம்பரில் செல்சியுடன் இரண்டு சிவப்பு அட்டை வாங்கி ஒன்பது பேராகக் குறைந்த பிறகும் வரிசை நடுக்கோட்டைவிட்டு இறங்கவில்லை. பின்னால் திறந்து கிடந்த இடத்தில் நிக்கலஸ் ஜாக்சன் ஓடி ஓடி மூன்று கோல் அடித்தார், 4-1 தோல்வி. பில்பாவோவிலோ 42வது நிமிடத்தில் பிரெனன் ஜான்சன் கோல் விழுந்ததும் குழு பின்வாங்கியது. பிறகு தற்காப்பாளர் டான்ஸோவை இறக்கி ஐந்து பேர் தற்காப்பு. பந்து முழுக்க யுனைடெட்டிடம். கோட்டைத் தாண்டவிருந்த பந்தை ஸ்பர்ஸ் தற்காப்பாளர் வான் டெ வென் அந்தரத்தில் பாய்ந்து உதைத்து வெளியேற்றினார். வேறொரு குழுவின் இயக்குநர் இதைப் பார்த்தால், “தேவைப்பட்டால் மாறத் தெரிந்தவர்” என்றுதான் குறித்துக்கொள்வார். ஜூன் மாதத்தில் அவர் கையிலிருந்த பெரிய சொத்து அது.

செப்டம்பர் 9ல் அந்தச் சொத்தைக் கொண்டுபோய் ஃபாரஸ்டில் போட்டார். முந்தைய பயிற்றுவிப்பாளர் நூனோ பழக்கிய குழு அது: ஆழத்தில் நின்று தடுத்து, பந்து கிடைத்ததும் பாய்ந்து, முந்தைய பருவத்தில் ஏழாவதாக வந்தது. போஸ்டெகோக்லுவின் ஆட்டத்துக்கு வேண்டியதோ வேறு. திரும்பி ஓடிப் பிடிக்கும் வேகமுள்ள சென்டர் பேக்குகள் (நடுத் தற்காப்பாளர்கள்), நெருக்கடியிலும் பந்தைக் கடத்தும் கோல் காப்பாளர், உள்ளே நகர்ந்து ஆடும் ஓரத் தற்காப்பாளர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக பருவத்துக்கு முந்தைய முழுப் பயிற்சிக்காலம். ஆட்டக்காரர் வாங்கும் காலக்கெடு செப்டம்பர் 1லேயே முடிந்துவிட்டது. வார நடுவில் ஐரோப்பிய ஆட்டம், வார இறுதியில் லீக் ஆட்டம். இடையில் கிடைத்த நாள்கள் களைப்பு ஆறவே சரியாகப் போயின. பழைய பழக்கம் போய்விட்டது, புதியது ஒட்டவில்லை. ஸ்வான்சியில் 2-0 முன்னிலையை விட்டு 3-2 தோல்வி. மொத்தம் எட்டு ஆட்டம், இரண்டு சமநிலை, ஆறு தோல்வி. செல்சியிடம் 0-3 என்று தோற்ற ஆட்டம் முடிந்து 18வது நிமிடத்தில் நீக்க அறிவிப்பு. 39 நாள்.

அவசரமாக வேலைக்குப் போனதே தவறு என்று சொல்ல வரவில்லை. பயிற்றுவிப்பாளர் தாமஸ் டூகலை பாரிஸ் குழுவான பிஎஸ்ஜி 2020 டிசம்பரில் நீக்கியது, அடுத்த மாதமே செல்சியில் சேர்ந்தார், மே மாதம் சாம்பியன்ஸ் லீக் கிண்ணம். மூன்று சென்டர் பேக் முறைக்கு ஏற்ற ஆட்கள் அங்கே தயாராக இருந்தார்கள். பொருத்தம் இருந்தால் பருவ நடுவிலும் கைகூடும்.

அவசரப்படப் பணமும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. பெரிய லீக்குகளில் நீக்கும்போது மிச்ச ஒப்பந்தத்துக்கோ, முன்பே பேசிய ஒரு தொகைக்கோ இழப்பீடு உண்டு. அது பல நேரம் மாதத் தவணையாக வரும். புது வேலை கிடைத்தால் நிற்கும் அல்லது குறையும். அதனால் காத்திருக்கும் பயிற்றுவிப்பாளருக்கும் வருமானம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இந்த வசதி நம் ஊர்ப் பயிற்றுவிப்பாளர்களுக்கு ஏது? சிங்கப்பூர் பிரிமியர் லீக்கில் இருப்பவை பத்துக்கும் குறைவான குழுக்கள். தேசியக் குழுவிலிருந்து இறங்கியவர் உள்ளூரில் தட்டக்கூடிய கதவுகள் மிகக் குறைவு. பயிற்றுவிப்பாளர் வி. சுந்தரமூர்த்தி 2013ல், மலேசிய லீக்கில் ஆடிய சிங்கப்பூரின் லயன்ஸ்XII குழுவை மலேசிய சூப்பர் லீக் வெற்றியாளராக்கியவர். 2016ல் தேசியக் குழுவுக்கு வந்தார், அந்த ஆண்டு தென்கிழக்காசிய நாடுகள் மோதும் சுசுகி கிண்ணத்தில் குழுச் சுற்றோடு வெளியேற்றம், 2018 ஏப்ரலில் பதவி போனது. பிறகு லாவோஸ் தேசியக் குழுவுக்குப் போனார். இளம் ஆட்டக்காரர்கள் வளரும் வயதில் ஈராண்டு தேசிய சேவைக்குப் போகும் நாட்டில், அந்த முடிவுகளை முழுக்க ஒரு மனிதர் கணக்கில் எழுதியது எனக்கு இன்றும் ஏற்புடையதாக இல்லை.

ஒரு முறை விழுந்த பெயர் எழ எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு பயிற்றுவிப்பாளர் டேவிட் மோய்ஸ் எடுத்துக்காட்டு. 2014 ஏப்ரலில் யுனைடெட் நீக்கியது. ரியால் சோசியடாடிலும் நீக்கம். சண்டர்லாந்தோடு 2017ல் கீழ்நிலை லீக்குக்கு இறக்கம். வெஸ்ட் ஹாமைக் காப்பாற்றினார், ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை, 2019 டிசம்பரில் அதே குழு மறுபடி அழைத்தது. 2023ல் ஐரோப்பா கான்ஃபரன்ஸ் லீக் கிண்ணம். ஒன்பது ஆண்டு.

போஸ்டெகோக்லுவுக்கு அவ்வளவு காலம் ஆகாது என்று நினைக்கிறேன். 2015ல் ஆஸ்திரேலியாவுக்கு ஆசியக் கிண்ணம், 2019ல் ஜப்பானின் யோகோஹாமா எஃப் மரினோஸுக்கு ஜே லீக், 2023ல் ஸ்காட்லாந்தின் செல்டிக்குக்கு மூன்று கிண்ணங்கள் என்று வென்றவர். யோகோஹாமாவிலும் செல்டிக்கிலும் வெற்றி வந்தது குழுவைத் தன் பாணிக்கு மாற்ற அவகாசம் கிடைத்ததால். ஜூலையில் பயிற்சியைத் தொடங்கவிட்டு, வேகமான இரண்டு சென்டர் பேக்குகளை வாங்கித்தரும் குழு அழைத்தால் போகலாம். ஜனவரியில், கடைசி மூன்று இடங்களில் தள்ளாடும் குழு எவ்வளவு சம்பளம் காட்டினாலும் மறுத்துவிட வேண்டும்.