தீபாவளிக்குப் பட்டாசுக் கடை போட உரிமம் வாங்கிய அனுபவம்

தீபாவளிக்குத் தற்காலிகப் பட்டாசுக் கடை போடலாம் என்று நானும் மச்சானும் பேச ஆரம்பித்ததுமே, கேட்டவர்கள் எல்லாம் "ஆபீஸ் ஆபீஸா அலையணும், பார்த்துக்கோ" என்றார்கள். அலைச்சல் இருந்தது உண்மைதான். ஆனால் எங்களை அதிகம் படுத்தியது இடம்தான். இந்த வருடம் கடை போட நினைக்கிறவர்கள் முதலில் அளக்கும் நாடாவை எடுத்துக்கொண்டு இடம் பார்க்கக் கிளம்புங்கள். விண்ணப்பம், சரக்கு எல்லாம் அப்புறம்.

1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ் 2008-இல் வந்த விதிகள்தான் இப்போது நடைமுறையில் இருக்கின்றன. அதில் 84-ஆம் விதி பண்டிகைக் காலத் தற்காலிகக் கடைகளுக்கானது. கட்டடத்துக்குள் இருக்கும் கடைக்கு 83-ஆம் விதி. காவல் ஆணையர் இருக்கும் மாநகரங்களில் விண்ணப்பம் அவர் அலுவலகத்துக்குப் போகும், மற்ற இடங்களில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு. எங்களுடையது சின்ன ஊர், ஆகவே ஆட்சியர் அலுவலகம். கடைசித் தேதியைச் செய்தித்தாளில் அறிவிப்பார்கள், அதற்குள் இ-சேவை மையம் வழியாகப் பதிவு செய்துவிட வேண்டும்.

மச்சானுக்குக் கடைவீதியில் ஒரு கடை சும்மா பூட்டிக் கிடந்தது. ஷட்டரைத் திறந்து அடுக்கினால் வியாபாரம் ஆரம்பம் என்பதுதான் எங்கள் கணக்கு. விண்ணப்பிக்கும் முன்பே தெரிந்த தீயணைப்பு வீரர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினோம். உள்ளேகூட வரவில்லை, வாசலில் நின்று மேலே பார்த்தார். "மாடியில யாரு இருக்கா?" வாடகைக்கு ஒரு குடும்பம் என்றோம். "பின்னாடி வழி இருக்கா?" இல்லை. "அப்ப இது ஆகாது தம்பி, வேற இடம் பாருங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

பிறகு விதியைப் படித்தபோது அவர் சொன்னது எல்லாமே அதில் இருந்தது. கட்டடக் கடை என்றால் தரைத்தளத்தில் இருக்க வேண்டும், மேலே குடியிருப்பு கூடாது. மாடிப்படிக்கோ லிஃப்டுக்கோ கீழும் பக்கத்திலும் கூடாது. பரப்பு 9 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது, 25-ஐத் தாண்டவும் கூடாது. வாசல் போக, வெளிப்பக்கமாகத் திறக்கும் அவசர வழி ஒன்று வேண்டும். நம் ஊர்க் கடைவீதிகளில் கீழே கடை, மேலே வீடு என்பதுதானே வழக்கம்? இந்த ஒரு நிபந்தனையிலேயே பாதிக் கடைகள் அடிபட்டுப் போகும்.

சரி, மைதானத்தில் கொட்டகை போடலாம் என்று முடிவானது. அங்கே வேறு கணக்கு. கொட்டகை எளிதில் தீப்பிடிக்காத பொருளால் இருக்க வேண்டும் என்பதால் கீற்று, துணி, சாமியானா எதுவும் ஆகாது, தகரம்தான். ஒரு கொட்டகைக்கும் அடுத்ததற்கும் நடுவே குறைந்தது 3 மீட்டர் விட வேண்டும். வீடு, பள்ளிக்கூடம், மருத்துவமனை, தியேட்டர் மாதிரி ஆட்கள் வசிக்கிற, கூடுகிற கட்டடங்களிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஒரே இடத்தில் 50 கடைகளுக்கு மேல் கூடாது. கடைகள் எதிரெதிரே பார்த்தபடி இருக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை எதற்கு என்று முதலில் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு கடையில் தீப்பிடித்தால் அங்கிருந்து கிளம்புகிற ராக்கெட் நேரே எதிர்க்கடைக்குள் போய் விழும் என்று மச்சான் சொன்னதும் புரிந்தது.

50 மீட்டர் என்பது காதுக்குச் சின்னதாகக் கேட்கும். ஊருக்குள் நாடாவைப் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு பக்கம் சரியாக வந்தால் மறுபக்கம் ஒரு வீட்டுச் சுவர் குறுக்கே வரும். பைபாஸ் பக்கம் ஒரு காலி மனை கிடைத்து, சொந்தக்காரரும் சம்மதித்த பிறகுதான் மூச்சு வந்தது. கடைவீதியில் கிடைக்கிற வியாபாரம் அங்கே கிடைக்காது என்று தெரிந்தேதான் ஒப்புக்கொண்டோம்.

காகித வேலை நான் பயந்த அளவுக்கு இல்லை. கடை அமையும் இடத்தையும் சுற்றியுள்ள கட்டடங்களின் தூரத்தையும் காட்டும் வரைபடம், மனைக்காரரோடு போட்ட முத்திரைத்தாள் ஒப்பந்தம், அவருடைய பட்டா, வரி ரசீது, எங்கள் ஆதார், பான், புகைப்படம், அரசுக் கணக்கில் 500 ரூபாய் உரிமக் கட்டணம் கட்டிய சலான். இதில் வரைபடத்துக்கு மட்டும் காசு பார்க்காதீர்கள். ஆய்வுக்கு வருகிற ஒவ்வொருவரும் கையில் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்ப்பது அதைத்தான். நல்ல வரைவாளரிடம் கொடுத்து, தூரங்களை மீட்டரில் தெளிவாக எழுதி வாங்குங்கள், நகல்களும் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆட்சியர் அலுவலகத்திலிருந்து கோப்பு காவல்துறை, தீயணைப்புத் துறை, வருவாய்த் துறை, உள்ளாட்சி என்று பிரிந்து போகும். எல்லாரிடமிருந்தும் தடையில்லாச் சான்று திரும்பி வந்தால்தான் உரிமம். இதில் ஒரு அலுவலகத்தில் மட்டும் எங்கள் காகிதம் நகரவே இல்லை. கேட்டால் "அனுப்பியாச்சு" என்பார்கள், அங்கே போய்க் கேட்டால் "வரலை" என்பார்கள். சண்டை போட்டுப் பயனில்லை என்று மச்சான் தினமும் காலையில் அங்கே போய் உட்கார ஆரம்பித்தார். அவர் முகத்தைப் பார்க்கச் சலித்துப்போய்த்தான் கையெழுத்து விழுந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

தீயணைப்பு அலுவலர் வந்தபோது தூரத்தை அளந்ததைவிட மின்சாரத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார். எண்ணெய் விளக்கு, கேஸ் விளக்கு, திறந்த சுடர் எதுவும் உள்ளேயோ பாதுகாப்புத் தூரத்துக்குள்ளேயோ கூடாது. மின்விளக்கு சுவரிலோ கூரையிலோ அசையாமல் பொருத்தப்பட்டிருக்க வேண்டும், வயரில் தொங்கும் குண்டு பல்பு கூடாது. ஸ்விட்சும் இறுக்கமாகப் பொருத்தியிருக்க வேண்டும், கடை வரிசைக்கு ஒரு மெயின் ஸ்விட்ச் வேண்டும். வாசலில் சீரியல் செட் கட்டலாம் என்று வாங்கி வைத்திருந்ததை அப்படியே வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். தீயணைப்பான், மணல் வாளி, தண்ணீர் டிரம் எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தார். தீயணைப்பானை எப்படி இயக்குவது என்று என்னைச் செய்து காட்டவும் சொன்னார்.

சரக்கு விஷயத்தில் ஒன்று. தற்காலிக உரிமத்துக்கு அளவு வரம்பு உண்டு, இஷ்டத்துக்கு வாங்கிக் குவிக்க முடியாது. உரிமம் கைக்கு வரும் முன் சரக்கை இறக்கவும் கூடாது. பில்லோடு, உரிமம் உள்ள மொத்த வியாபாரியிடம்தான் வாங்க வேண்டும். ரயிலில் பட்டாசு கொண்டுவருவது குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு எதை விற்கலாம் என்பதும் மாறிவிட்டது. பேரியம் உப்பு சேர்த்த பட்டாசுக்குத் தடை, சரவெடிக்குத் தடை, ஆன்லைன் வணிகத் தளங்களில் விற்கவும் தடை. மாசு குறைவாக வரும்படி தயாரித்த பசுமைப் பட்டாசின் பெட்டியில் அதற்கான முத்திரையும் க்யூஆர் குறியீடும் இருக்கும், வாங்கும்போதே அதைப் பாருங்கள். கடையில் நாங்கள் அதிகம் கேட்ட கேள்வி "ஆயிரம் வாலா இல்லையா?" என்பதுதான். இல்லை என்றதும் சிலர் எங்களை ஏதோ துரோகம் செய்துவிட்ட மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள்.

வெடிக்கும் நேரத்தைப் பற்றியும் கேட்பார்கள். அதே 2018-இல் தமிழக அரசு நீதிமன்றத்தில் கேட்டு, மொத்தம் இரண்டு மணி நேரத்தை மாநிலமே பிரித்துக்கொள்ளலாம் என்று அனுமதி வாங்கியது. காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று அப்போது வந்ததுதான். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம், வழிபாட்டுத் தலம் போன்ற அமைதிப் பகுதிகளில் வெடிக்கக் கூடாது. நாங்கள் இதை ஒரு அட்டையில் எழுதிக் கல்லாப் பக்கத்தில் மாட்டினோம். கடையிலிருந்து 50 மீட்டருக்குள் யாரும் வெடித்துக் காட்டக் கூடாது என்பதும் விதிதான். "ஒண்ணே ஒண்ணு கொளுத்திப் பார்த்துட்டு வாங்கறேன்" என்று வருகிறவர்களைச் சமாளிக்க ஒரு ஆள் தனியாக வேண்டும். அதற்கு அக்கா பையனை நிறுத்தலாமே என்று வீட்டில் சொன்னார்கள், அவனுக்குப் பதினாறு வயது. பதினெட்டு முடியாதவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்பதால் வேண்டாம் என்றேன், அவன் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

கடைசியாக, மிச்சச் சரக்கு. உரிமத்தில் முடியும் தேதி போட்டிருக்கும், அதற்குப் பிறகு விற்பனைச் சரக்கை வைத்திருக்க உங்களுக்கு உரிமை இல்லை. அடுத்த வருடத்துக்கு ஆகும் என்று வீட்டுப் பரணில் ஏற்றி வைப்பது சட்டப்படியும் தப்பு, உயிருக்கும் ஆபத்து. உரிமத்தோடு கிடங்கு வைத்திருக்கும் மொத்த வியாபாரியிடம், பிரிக்காத பெட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சரக்கு வாங்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள். தீபாவளி முடிந்த பிறகு கேட்டால் விலையை அவர்தான் சொல்வார்.