பழைய எண்ணெயைக் கொட்டுமுன் பாருங்கள்: படகு நிற்கும் இடத்திலேயே அவுட்போர்டு சர்வீஸ்

படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினைப் படகு நிற்கும் இடத்துக்கே போய் சர்வீஸ் செய்யும் மெக்கானிக்குக்குப் பக்கத்து அறையில் பாகங்கள் கிடங்கு கிடையாது. ஒரு சின்ன வாஷரை மறந்தால் அன்றைய வேலை அதோடு நின்றுவிடும். அதனால் பாதி சர்வீஸ் போனிலேயே நடந்தாக வேண்டும். எஞ்சின் மாடல், சீரியல் எண், ஓடிய மணிக்கணக்கு, உப்புத்தண்ணீரா நல்ல தண்ணீரா, கடைசியாக இம்பெல்லர் (கூலிங் தண்ணீரைத் தூக்கும் வாட்டர் பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரம்) மாற்றியது எப்போது, படகு தண்ணீரில் கிடக்கிறதா டிரெய்லரில் நிற்கிறதா என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். குதிரைசக்தியும் வருடமும் மட்டும் போதாது. ஒரே வருடத்து எஞ்சினுக்குள்ளேயே சீரியல் எண்ணைப் பொறுத்து வாட்டர் பம்ப் கிட் மாறும்.

பெரும்பாலான ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளுக்கு 100 மணி நேரம் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அதுதான் சர்வீஸ் கணக்கு. புது எஞ்சினுக்கு முதல் சர்வீஸ் 20 மணி நேரம் வாக்கில். "வருடத்துக்கே 30 மணி நேரம்தான் ஓடியது, எதற்கு எண்ணெய் மாற்ற வேண்டும்" என்று கேட்பவர்கள் நிறைய. குறைவாக ஓடும் எஞ்சினுக்குத்தான் ஆபத்து அதிகம். சும்மா நிற்கும்போது எண்ணெயில் ஈரம் சேர்கிறது, இம்பெல்லர் இதழ்கள் ஒரே பக்கமாக வளைந்து இறுகிப்போகின்றன, பெட்ரோல் கெடுகிறது.

கியர் ஆயிலும் வாட்டர் பம்பும் பார்க்க வேண்டுமென்றால் படகு கரை ஏறியே ஆக வேண்டும். தண்ணீருக்கு மேல் தொங்கிக்கொண்டு எஞ்சினின் காலை (தண்ணீருக்குள் நிற்கும் கீழ்ப்பகுதி, கியர் பெட்டியும் வாட்டர் பம்பும் இதில்தான்) கழற்றுவது போல்ட்டையும் எண்ணெயையும் தண்ணீருக்குத் தாரை வார்க்கும் வேலை. கரையிலும் எஞ்சின் காலுக்கு அடியில் தார்ப்பாய், அதன்மேல் தட்டு, பக்கத்தில் எண்ணெய் உறிஞ்சும் துணி என்று விரித்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

வந்தவுடன் எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். ராத்திரி முழுக்க எஞ்சின் செங்குத்தாக நின்றிருந்தால், கியர் பெட்டிக்குள் புகுந்த தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது என்பதால் அடியில் இறங்கியிருக்கும். கீழ் டிரெய்ன் ஸ்க்ரூவை மட்டும் லேசாகத் தளர்த்தி, முதலில் வரும் சில சொட்டுகளை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் வரும். எஞ்சினை ஓட்டிவிட்டால் எல்லாம் கலங்கிவிடும், கொஞ்சமாக வந்த தண்ணீர் கண்ணுக்கே தெரியாது.

அதைப் பார்த்து ஸ்க்ரூவை மூடிய பிறகு, எஞ்சின் காலில் தண்ணீர் மஃப் (தண்ணீர் இழுக்கும் துளைகளை மூடி, குழாய்த் தண்ணீரை உள்ளே அனுப்பும் ரப்பர் கிண்ணங்கள்) மாட்டி, முதலில் குழாயைத் திறந்து, அப்புறம் ஸ்டார்ட். ஐடிலில் (கியர் போடாமல், குறைந்த வேகத்தில்) மட்டும். கூலிங் தண்ணீர் பீச்சும் துளையைக் கவனியுங்கள். பீச்சல் பலவீனமாக இருந்தால் பம்பைக் குறை சொல்லுமுன் அந்தத் துளையில் நைலான் நரம்பு ஒன்றை விட்டுக் குத்திப் பாருங்கள். பலமுறை உப்புக்கட்டியோ பூச்சிக்கூடோதான் அடைத்திருக்கும். ஒன்று சொல்ல வேண்டும்: பீச்சல் நன்றாக இருக்கிறது என்றால் பம்ப் தண்ணீரைத் தூக்குகிறது என்று மட்டும்தான் அர்த்தம். சிலிண்டரைச் சுற்றிய பாதைகள் எல்லாம் சுத்தம் என்று அதை வைத்து முடிவுகட்ட முடியாது.

இப்போது கியர் ஆயில். முழுதாக வடிக்குமுன் மேல் ஸ்க்ரூ கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கீழே வடித்துவிட்டு, மேலே இறுகிக் கிடக்கிறது என்று தெரிந்தால் நடுவழியில் மாட்டிக்கொள்வீர்கள். சில பழைய ஜான்சன், எவின்ரூட் மாடல்களில் பக்கத்திலேயே ஒரு நட்சத்திர ஸ்க்ரூ இருக்கும். அது கியர் மாற்றும் இணைப்பைத் தாங்குவது. டிரெய்ன் ஸ்க்ரூ என்று நினைத்து அதைக் கழற்றினால் உள்ளே இணைப்பு விலகி, கியர் பெட்டியையே பிரிக்க வேண்டிவரும்.

வடிந்த எண்ணெயை அப்படியே பழைய டின்னில் கொட்டிவிட்டால் எஞ்சின் சொல்ல வந்ததைக் கேட்காமல் விட்டதுபோல் ஆகும். கறுத்திருந்தாலும் தெளிவாக இருந்தால் பயமில்லை. பால் விட்ட காபி நிறம் என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. காந்த ஸ்க்ரூவின் நுனியில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது பல்சக்கரங்களின் சாதாரணத் தேய்மானம். அந்தப் பசையை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள். மாவுபோல் வழுக்கினால் நல்லது. நறநறத்தாலோ, ஊசிபோல் சில்லுகள் மின்னினாலோ பேரிங் அல்லது கியர் போய்க்கொண்டிருக்கிறது.

பால் நிறம் கண்டால் புது எண்ணெய் ஊற்றி அனுப்பிவிடாதீர்கள். அடுத்த மாதம் மறுபடி பால்தான். புரொப்பல்லரைக் கழற்றி, அதன் பின்னால் ஷாஃப்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய நரம்பு சீலுக்குள் (ஷாஃப்டைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம்) புகுந்து அதன் உதட்டை அறுத்துவிடும். தண்ணீர் உள்ளே போவதற்கு நாம் அடிக்கடி காணும் காரணம் இதுதான். அடுத்த சந்தேகம், திரும்பத் திரும்பப் போட்ட பழைய டிரெய்ன் வாஷர். இரண்டும் இல்லையென்றால் வாட்டர் பம்புக்கு அடியில் இருக்கும் டிரைவ் ஷாஃப்ட் (எஞ்சினிலிருந்து கியர் பெட்டிக்கு இறங்கும் தண்டு) சீல். கண்டுபிடிக்க, காலியான பெட்டிக்குள் 10 பிஎஸ்ஐ அளவு காற்றழுத்தம் கொடுத்து 5 நிமிடம் வைத்து, ஷாஃப்டுகளைக் கையால் சுற்றிக்கொண்டே சோப்புத்தண்ணீர் தடவினால் கசியும் இடம் குமிழி விடும். எஞ்சினுக்கு உரிய அழுத்தத்தை அதன் சர்வீஸ் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அதிகம் கொடுத்தால் நல்ல சீலும் பிதுங்கிவிடும்.

நிரப்புவது எப்போதும் கீழிருந்து மேலே. கீழ்த் துளையில் பம்பை மாட்டி, மேல் துளையில் குமிழி இல்லாமல் எண்ணெய் வழியும்வரை மெதுவாக ஏற்றுங்கள். முதலில் மேல் ஸ்க்ரூவைப் புது வாஷரோடு மூடுங்கள், அதன் பிறகு பம்பை எடுத்துக் கீழ் ஸ்க்ரூவைப் போடுங்கள். மேலே மூடியிருப்பதால் கீழே சில சொட்டுகள்தான் போகும். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே சிறைப்பட்டு, நிறைந்ததுபோல் காட்டும், பாதிதான் இருக்கும். 15 குதிரைசக்தி எஞ்சினுக்குக் கால் லிட்டர் அளவில் முடிந்துவிடும். பெரிய வி6 எஞ்சின் ஒரு லிட்டர்கூடக் கேட்கும்.

இம்பெல்லரை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, மணல் கலங்கிய தண்ணீரில் ஓடினால் வருடா வருடம் மாற்றிவிடுவது நல்லது. எஞ்சின் காலை இறக்கும்போது ஒரு போல்ட் டிரிம் டேபுக்கு (புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் சின்னத் துடுப்பு) அடியில் ஒளிந்திருக்கும் மாடல்கள் உண்டு. டேபைக் கழற்றுமுன் அது நின்ற கோணத்தைக் கோடு போட்டு வையுங்கள். இல்லையென்றால் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கும். பழைய இம்பெல்லரின் இதழ்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தால் அந்த ரப்பர் துண்டு தண்ணீர்க் குழாயிலோ தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூட்டைப் பொறுத்துத் தண்ணீரை விடும் வால்வு) வாயிலிலோ அடைத்து நிற்கிறது. தேடி எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டுப் பயனில்லை, எஞ்சின் மறுபடி சூடாகும். இதழ் நுனி உருகிப் பளபளத்தால் தண்ணீரில்லாமல் ஓட்டியிருக்கிறார்கள். சில வினாடி வறண்டு ஓடினாலே ரப்பர் கெடத் தொடங்கும். பம்ப் கிண்ணத்தின் உட்சுவரில் விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டினால் கிண்ணமும் அடித்தகடும் மாற்ற வேண்டும்.

புதியதைப் போடும்போது சோப்புத்தண்ணீரோ கிளிசரினோ தடவுங்கள், சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். மேலிருந்து பார்க்க டிரைவ் ஷாஃப்டைக் கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பிக்கொண்டே பம்ப் உறையை இறக்கினால் இதழ்கள் சரியான பக்கம் மடியும். காலைத் திரும்ப ஏற்றுகையில் இரண்டு தவறு அடிக்கடி நடக்கிறது. ஒன்று, ஷாஃப்டின் தலைமேல் கிரீஸ் அப்புவது. அது மேலே அடைபட்டு, காலை முழுதாகப் பொருந்த விடாது. பற்களின் பக்கவாட்டில் மட்டும் தடவுங்கள். இரண்டு, தண்ணீர்க் குழாய் அதன் ரப்பர் வளையத்துக்குள் இறங்காமல் விலகிப்போவது. டார்ச் அடித்துப் பார்த்தே மேலே ஏற்றுங்கள்.

எஞ்சின் ஆயிலைச் சூடாக இருக்கும்போது டிப்ஸ்டிக் துளை வழியாக உறிஞ்சி எடுத்தால் ஒரு சொட்டுகூடச் சிந்தாது. ஊற்ற வேண்டியது எஃப்சி-டபிள்யூ முத்திரை உள்ள மரைன் எண்ணெய். கார் எண்ணெயில் துருத்தடுப்பு இந்த அளவுக்கு இருக்காது. அளவில் பத்தில் ஒன்பது பங்கு ஊற்றி, ஓட்டி, சில நிமிடம் விட்டு, மீதியை டிப்ஸ்டிக் பார்த்துச் சேருங்கள். போன சர்வீஸைவிட மட்டம் ஏறி, பெட்ரோல் வாசனை அடித்தால் எஞ்சின் போதிய சூட்டுக்கே வருவதில்லை என்று அர்த்தம். நெடுநேரம் ஐடிலில் ஓட்டுகிறார்களா என்று கேளுங்கள், தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்ரோல் ஃபில்டரில் இருப்பதையும் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் தனிப் படலம் தெரிந்தால் பெட்ரோலில் கலந்திருந்த எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து தனியாகப் பிரிந்துவிட்டது. எந்த மருந்தும் அதைத் திரும்பச் சேர்க்காது, டேங்கை வடிக்கத்தான் வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கையால் முழுக்கத் திருகி, புது வாஷர் என்றால் அரைச் சுற்று இறுக்கினால் போதும்.

ஆனோடு (எஞ்சினின் உலோகம் அரிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாகத் தான் கரையும் உலோகத் துண்டு) பாதி கரைந்தால் மாற்ற வேண்டும். உப்புத்தண்ணீருக்குத் துத்தநாகம் அல்லது அலுமினியம், முகத்துவாரம் போன்ற இடங்களுக்கு அலுமினியம், நல்ல தண்ணீருக்கு மக்னீசியம். மக்னீசியத்தைக் கடலில் போட்டால் மளமளவென்று கரைந்துவிடும். ஒரு வருடம் ஆகியும் புதிதுபோலவே இருக்கும் ஆனோடைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். அதற்கும் எஞ்சினுக்கும் மின்தொடர்பு இல்லை, அதனால் கரைவது எஞ்சின் காலின் அலுமினியம்தான். கழற்றி, உட்காரும் இடத்தைப் பளபளக்கத் தேய்த்து மாட்டுங்கள். பெயின்ட் மட்டும் அடிக்கவே கூடாது.

ஸ்டியரிங் கேபிளுக்கு கிரீஸ் அடிக்கும்போது தண்டு முழுக்க உள்ளே போயிருக்க வேண்டும். நீட்டிய நிலையில் அடித்தால் கிரீஸ் உள்ளே இறுகி ஸ்டியரிங் கட்டிக்கொள்ளும். சும்மா நிற்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. பேட்டரி முனைகளில் காது நட்டு (கையால் திருகும் இறக்கை நட்டு) இருந்தால் எடுத்துவிட்டு நைலான் பிடிப்புள்ள நட்டுப் போடுங்கள், அலையில் தளராது. பில்ஜ் பம்பின் (படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பம்ப்) மிதவையைக் கையால் தூக்கி, பம்ப் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடும் எஞ்சினில் கில் சுவிட்ச் (ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை அணைக்கும் சுவிட்ச்) கயிற்றை இழுத்து, உடனே அணைகிறதா என்று பாருங்கள். அணையவில்லை என்றால் படகு அன்று போகக் கூடாது.

கடைசியில் தண்ணீரில் இறக்கி, முன்னும் பின்னும் கியர் போட்டு, முழு வேகத்தில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்றுகள்) எஞ்சினுக்குரிய எல்லைக்குள் நிற்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் எஞ்சின் காலைத் தூக்கி, டிரெய்ன் ஸ்க்ரூக்களைத் துணியால் துடைத்துப் பார்த்து, ஓடிய மணிக்கணக்கு, எண்ணெய் நிறம், ஆனோடு நிலை மூன்றையும் நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் படகுக்காரருக்கு அனுப்புங்கள். அடுத்த சர்வீஸுக்குப் போன் வரும்போது முதலில் திறக்க வேண்டியது அந்த நோட்டைத்தான்.