ஒரே வரிசையில் ஐந்து விசைகள்

கடன் தொகையும் மாதத் தவணையும் தவணைகளின் எண்ணிக்கையும் தெரிந்திருக்கும்போது தவணையைக் கண்டுபிடிப்பது போல வட்டி விகிதத்தையும் கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அதற்கு நேரான சூத்திரம் கிடையாது. ஒரு விகிதத்தை ஊகித்து, கணக்கிட்டு, எவ்வளவு பிசகுகிறது என்று பார்த்து, ஊகத்தைத் திருத்திக்கொண்டே போக வேண்டும். இந்தச் சலிப்பூட்டும் வேலையைத் தவிர்க்கவே வங்கிகளிலும் பத்திரச் சந்தையிலும் தடித்த வட்டி அட்டவணைப் புத்தகங்கள் புழங்கின. வேண்டிய விகிதம் அட்டவணையில் இல்லாவிட்டால், அதற்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு எண்களுக்கு நடுவே உத்தேசமாக ஒன்றைக் குறித்துக்கொள்வார்கள்.

ஹியூலெட் பேக்கார்ட் (எச்பி) நிறுவனம் 1972இல் பொறியாளர்களுக்காக எச்பி-35 என்ற கையடக்கக் கணிப்பானை (கால்குலேட்டர்) வெளியிட்டது. மறு ஆண்டே, அதே 395 டாலர் விலையில், நிதிக் கணக்குகளுக்கென்று எச்பி-80 வந்தது. தவணைகளின் எண்ணிக்கை, வட்டி விகிதம், இன்றைய மதிப்பு, தவணைத் தொகை, எதிர்கால மதிப்பு என்று ஐந்து விசைகள் அதில் ஒரே வரிசையில் இருந்தன. தெரிந்த மூன்றை உள்ளிட்டு, தெரியாததன் விசையை அழுத்தினால் போதும். இரண்டு தேதிகளுக்கு இடையிலான நாட்களையும், கடன் பத்திரத்தின் விலையையும் அது கணக்கிட்டது. அட்டவணைப் புத்தகத்துக்கு அன்றே நாள் குறித்தாகிவிட்டது என்பேன்.

பின்னர் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் போட்டிக்கு வந்தது, விலைகள் இறங்கின. எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது துல்லியத்தின் கதை. கணினிக் கணக்கீட்டில் பெயர்பெற்ற பெர்க்லி பேராசிரியர் வில்லியம் கஹான், எச்பிக்கு ஆலோசகராகவும் இருந்தவர், ஒரு வேடிக்கையான கணக்கைச் சொல்வார்: நொடிக்கு ஒரு சென்ட் வீதம் ஓராண்டு முழுவதும் வங்கியில் போடுகிறோம், ஆண்டு வட்டி 10 சதவீதம், அதுவும் நொடிதோறும் அசலோடு சேர்கிறது, கடைசியில் எவ்வளவு இருக்கும்? சரியான விடை ஏறத்தாழ 3,31,667 டாலர். ஒரு நொடிக்குரிய வட்டி மிகச் சிறிய எண் என்பதால், அதை ஒன்றோடு கூட்டிப் பத்து இலக்கங்களுக்குச் சுருக்கும்போது 1.00000000317 என்பது 1.000000003 ஆகிவிடுகிறது. அந்த எண்ணைப் பாடப்புத்தகச் சூத்திரத்தில் அப்படியே இட்டு நானே கணக்கிட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ 3,12,925 வந்தது. வால் இலக்கங்கள் இரண்டு உதிர்ந்ததற்கு 18,000 டாலருக்கு மேல் காணாமல் போகிறது! அடுக்கு காணத் தேவைப்படும் மடக்கையை (லாகரிதம்) ஒன்றோடு கூட்டாமலேயே கணக்கிடும் வழியை உள்ளே வைத்த கருவிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

1981இல் வந்த எச்பி-12சி இன்றும் விற்பனையில் இருக்கிறது. சமக்குறி விசையே இல்லாத அதன் முறை புதியவர்களைக் குழப்பும் என்பது உண்மைதான். வாங்கும் பணத்துக்கும் கட்டும் பணத்துக்கும் எதிரெதிர்க் குறி இட வேண்டும். கடனையும் தவணையையும் ஒரே குறியில் இட்டு வட்டி விகிதம் கேட்டால், ஐந்தாம் எண் பிழை என்று காட்டி நின்றுவிடும். கடன் வாங்கியவர் வாங்கும்போதும் பணம் பெறுகிறார், திருப்பிக் கட்டும்போதும் பெறுகிறார் என்றால் அதற்கு வட்டி ஏது? அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும்.

என்னிடம் உள்ள பழைய 12சி தவணையை உடனே சொல்லிவிடுகிறது. வட்டி விகிதத்தைக் கேட்டால் மட்டும் ‘ரன்னிங்’ என்ற சொல் திரையில் சில நொடிகள் விட்டுவிட்டுத் தோன்றுகிறது. உள்ளே ஊகமும் திருத்தமும் நடந்துகொண்டிருக்கின்றன.