வீட்டுக்கடன் ஓவர்டிராஃப்ட்: போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கப் பட்ட பாடு

எங்கள் வீட்டுக்கடன் கணக்கில் போட்டு வைத்திருந்த ஆறு லட்சம் ரூபாயை, நாங்கள் வேண்டும்போது எடுத்துக்கொள்ளக்கூடிய தொகையாக வங்கி ஒருவழியாகத் திருத்திக் கொடுத்துவிட்டது. நடப்புக் கணக்கைப் போலப் பணம் போடவும் எடுக்கவும் வசதியுள்ள ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக்கடனைப் பற்றி விசாரிப்பவர்கள், வட்டி எவ்வளவு மிச்சமாகும் என்பதை மட்டுமே பெரும்பாலும் கேட்கிறார்கள். வட்டி மிச்சமாவது உண்மைதான். ஆனால் இந்தக் கடனுக்காக நாம் கூடுதலாகக் கொடுப்பதெல்லாம் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கும் உரிமைக்காகத்தான் என்பதையும், அந்த உரிமை எவ்வளவு எளிதாகக் கைநழுவிப் போகும் என்பதையும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஸ்டேட் வங்கியில் மேக்ஸ்கெயின், பேங்க் ஆஃப் பரோடாவில் ஹோம் லோன் அட்வான்டேஜ் என்று இந்த வகைக் கடனுக்கு வங்கிக்கொரு பெயர் உண்டு. என் கடன் இவ்விரு வங்கிகளிலும் இல்லை. எங்கள் வங்கியில் சாதாரண வீட்டுக்கடனை விட ஓவர்டிராஃப்ட் கடனுக்குக் கால் சதவீதம் வட்டி அதிகம். 40 லட்சம் ரூபாய்க் கடனுக்கு அது ஆண்டுக்கு 10,000 ரூபாய். சாதாரணக் கடன் 8.5 சதவீதம், ஓவர்டிராஃப்ட் 8.75 சதவீதம், சேமிப்புக் கணக்கு வட்டி 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், சராசரியாக ஒன்றே முக்கால் லட்சம் ரூபாயாவது எப்போதும் கடன் கணக்கில் கிடந்தால்தான் அந்த 10,000 ரூபாய் ஈடாகும். அதற்கு மேல் கிடக்கும் ஒவ்வொரு ரூபாயும் லாபம்தான். ஐந்து லட்சம் கிடந்தால் ஆண்டுக்கு 43,750 ரூபாய் வட்டி குறைகிறது. வைப்புநிதி வட்டியைப் போல இதற்கு வருமான வரியும் கிடையாது. வட்டி தினசரி நிலுவையின் மீது கணக்கிடப்படுவதால், மாதத்தின் முதல் நாள் வரும் சம்பளம் செலவாகும் வரை அங்கே இருந்தாலும் பயன் உண்டு.

ஆனால் மிதக்கும் வட்டி (அவ்வப்போது ஏறி இறங்கும் வட்டி) வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. எனவே சாதாரணக் கடனிலும் கையிலிருக்கும் உபரிப் பணத்தைக் கட்டி, ஏறத்தாழ இதே வட்டியை மிச்சப்படுத்த முடியும். கட்டிய பணம் திரும்பி வராது என்பது ஒன்றுதான் வேறுபாடு. கால் சதவீதம் கூடுதலாகக் கொடுப்பது அந்த வேறுபாட்டுக்காகவே என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2021-இல் விண்ணப்பித்தபோது வருமானச் சான்றுகள், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வழக்கறிஞர் கருத்து எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. ஒப்புதல் கடிதம் கைக்கு வந்தபோது, கடன் வகை என்ற வரியில் டெர்ம் லோன், அதாவது சாதாரணத் தவணைக்கடன், என்று அச்சாகியிருந்தது. விண்ணப்பத்தில் ஓவர்டிராஃப்ட் என்று நான் தெளிவாக எழுதியிருந்தேன். விண்ணப்பத்தை எடுத்துச் சென்ற முகவர், "முதலில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள் சார், பிறகு கிளையில் மாற்றிக்கொள்ளலாம்" என்றார். நான் மறுத்துவிட்டு நேரே கிளைக்குப் போய்க் கேட்டேன். கையெழுத்தாகி, பத்திரங்களை ஒப்படைத்த ஆவணமும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிவிட்டால், அதன்பின் வகையை மாற்றுவது எங்கள் வங்கியைப் பொறுத்தவரை புதிய கடன் வாங்குவதற்குச் சமம் என்று அங்கிருந்த அதிகாரியே ஒப்புக்கொண்டார். வீடு விற்பவரிடம் கூடுதல் அவகாசம் கேட்டு, சரியான கடிதம் வந்த பிறகே கையெழுத்திட்டோம். முகவரின் வாய்ச்சொல்லை நம்பி யாரும் கையெழுத்திட வேண்டாம்.

கணக்கு திறந்த பிறகு முதல் சில ஆண்டுகள் நன்றாகவே ஓடின. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். கடன் கணக்கில் எத்தனை லட்சம் உபரியாகக் கிடந்தாலும் மாதத்தவணை தனியாக வந்து சேர்ந்தாக வேண்டும். உபரியிலிருந்து வங்கி தானாக எடுத்துக்கொள்ளும் என்று எண்ணிச் சேமிப்புக் கணக்கைக் காலியாக வைத்தால் தவணை திரும்பிவிடும், கடன் மதிப்பெண்ணும் அடிபடும்.

இந்த வகைக் கணக்கில் கவனிக்க வேண்டிய எண் ட்ராயிங் பவர். கடன் அட்டவணைப்படி மாதந்தோறும் சிறிது சிறிதாகக் குறையும் வரம்பு அது. அதிலிருந்து நிலுவையைக் கழித்தால் வருவதுதான் நாம் எடுக்கக்கூடிய தொகை. 2024-இல் ஊரிலிருந்த பூர்விக நிலத்தை விற்றதில் என் பங்காக வந்த ஆறு லட்சத்துக்கான காசோலையை மதுரையிலுள்ள எங்கள் கிளையில் கடன் கணக்கில் போட்டேன். சில வாரங்களிலேயே அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். நான்கு லட்சம் எடுக்க நெட் பேங்கிங்கைத் திறந்தால், எடுக்கக்கூடிய தொகை சில ஆயிரங்கள் என்று காட்டியது. அட்டவணைப்படி 37 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய ட்ராயிங் பவர், 31 லட்சமாக இறங்கியிருந்தது. காசோலையை உபரி வரவாகப் பதியாமல், கடனைப் பகுதியாக முன்கூட்டி அடைத்ததாகப் பதிவு செய்து, வரம்பையே வெட்டியிருந்தார்கள்.

கிளையில் இருந்த எழுத்தர் திரையைப் பார்த்துவிட்டு, "அசல்தானே குறைந்திருக்கிறது, உங்களுக்கு லாபம்தானே சார்" என்றார். அப்பா மருத்துவமனையில் படுத்திருக்கும் நேரத்தில் அந்தச் சொல் எப்படிச் சுட்டிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மேலாளர், வரம்பைத் திருத்தும் அதிகாரம் கடன் பரிசீலனை மையத்துக்குத்தான் என்றார். மையத்தில் கேட்டால், பதிவு செய்த கிளையே திருத்த வேண்டும் என்றார்கள். எங்கள் சொந்தப் பணம் அந்தக் கணக்கில் முடங்கிக் கிடக்க, என் மனைவியின் நகைகளை அடகு வைத்து மருத்துவமனைக்குக் கட்டினோம்.

பிறகு வாய்ப்பேச்சை விட்டுவிட்டு எழுத்தில் இறங்கினேன். உபரித் தொகையைக் கடன்தாரர் எந்நேரமும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனை இருந்த ஒப்புதல் கடிதப் பக்கம், காசோலை போட்ட சலானின் நகல், வரம்பு இறங்கியதைக் காட்டும் கணக்கு அறிக்கை ஆகிய மூன்றையும் இணைத்து, முன்கூட்டி அடைக்குமாறு நான் எந்த வேண்டுகோளும் தரவில்லை என்று எழுதிக் கிளையில் கொடுத்து, முத்திரையுடன் ஒப்புகை பெற்றேன். அதையே வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும் மின்னஞ்சலில் அனுப்பினேன். 2021-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கி ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின்படி, வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, கட்டணமின்றிக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம் என்பதையும், நான் அவ்வாறே செய்யப் போவதையும் கடைசி வரியில் குறிப்பிட்டிருந்தேன். கெடு முடியும் தறுவாயில் கிளையிலிருந்தே அழைப்பு வந்தது. பதிவு தவறு என்று ஏற்று, வரம்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். அன்றே பணத்தை எடுத்து நகைகளை மீட்டோம். நகைக்கடனுக்குக் கட்டிய வட்டியை ஈடுசெய்ய மறுத்துவிட்டார்கள். எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது.

அன்று முதல் கடன் கணக்கில் பெருந்தொகை போடும்போது, முன்கூட்டி அடைப்பு அல்ல, உபரி வரவு மட்டுமே என்று சலானிலேயே எழுதுகிறேன். ஒவ்வொரு மாதமும் தவணை போன மறுநாள் ட்ராயிங் பவரை அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

வருமான வரியிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய வரி முறையில் சொந்தக் குடியிருப்புக்கான கடன் வட்டிக்கு இரண்டு லட்சம் வரை கழிவு கிடைக்கும்; உபரிப் பணம் அதிகமாகக் கிடந்து வட்டி அதற்கும் கீழே போனால், கழிவும் அதற்கேற்பக் குறையும். கணக்கில் போட்டு வைக்கும் உபரியை அசல் திருப்பிச் செலுத்தியதாக வரிக்கழிவுக்குக் காட்டக் கூடாது என்று எங்கள் ஆடிட்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். வங்கி தந்த வட்டிச் சான்றிதழிலோ உண்மையில் பிடித்த வட்டிக்குப் பதிலாக அட்டவணை வட்டி இருந்தது. கணக்கு அறிக்கையைக் காட்டித் திருத்தி வாங்கினேன். புதிய வரி முறையில் சொந்தக் குடியிருப்புக்கு இந்த வட்டிக் கழிவே இல்லாததால், அதைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

திண்டுக்கல்லில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் மைத்துனர் இப்போது வீடு வாங்கப் போகிறார். தீபாவளிக்கு முன் சரக்கு எடுக்கப் பல லட்சம் தேவைப்பட்டு, மற்ற மாதங்களில் பணம் சும்மா கிடக்கும் அவருக்கு இந்தக் கடன் பொருந்தும் என்றே சொன்னேன். அதே கேள்வியைக் கேட்ட என் அலுவலக நண்பருக்குத் தவணை போக மாதக் கடைசியில் எதுவும் மிஞ்சுவதில்லை. எடுக்கப் பணமே இல்லாத கணக்குக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் கூடுதலாகக் கட்டுவது வீண் என்பதால், அவரைச் சாதாரணக் கடனே வாங்கச் சொல்லியிருக்கிறேன்.