சக்கரத்தைப் பிடிப்பதும் விடுவதும்: ஹப்புக்குள் நடப்பது என்ன?

சைக்கிளின் பின்சக்கர ஹப்பும் (சக்கரத்தின் நடுவில் உள்ள குடம்) ஜீப் வகை வண்டிகளின் முன்சக்கர ஹப்பும் ஒரே வேலையைச் செய்வதாகப் பலர் நினைக்கிறார்கள். இரண்டுமே சக்கரத்தைச் சில நேரம் இயக்கத்தோடு பிணைத்து, சில நேரம் விட்டுவிடுகின்றன என்பது உண்மைதான். ஆனால் பிடிப்பதா விடுவதா என்பதைச் சைக்கிளில் விசையின் திசையே தீர்மானிக்கிறது. கையால் பூட்டும் ஹப் உள்ள ஜீப்பில் ஓட்டுநர் தீர்மானிக்கிறார். பராமரிப்பு முதல் ஓட்டும் முறை வரை எல்லாமே இந்த வேறுபாட்டிலிருந்துதான் கிளைக்கின்றன.

சைக்கிளில், பல்சக்கரங்கள் மாட்டப்பட்ட உருளைக்கும் ஹப்புக்கும் நடுவே பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு வரையிலான சிறு எஃகு நாக்குகள் இருக்கும். ஒவ்வொன்றையும் மெல்லிய ஸ்பிரிங் ஒன்று வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்க, அவற்றைச் சூழ்ந்த வளையத்தின் உட்புறத்தில், ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சரிவாகவும் வெட்டிய ரம்பப் பற்கள் இருக்கும். பெடலை மிதித்தால் நாக்கின் முனை செங்குத்துப் பக்கத்தில் முட்டிச் சக்கரத்தை இழுத்துச் செல்கிறது. மிதிப்பதை நிறுத்தியதும் சக்கரம் முந்திக்கொள்ள, பற்களின் சரிவு நாக்கை அமுக்கிவிட்டு நழுவிப் போகிறது. அமுங்கிய நாக்கு அடுத்த பள்ளத்தில் விழும் ஒவ்வொரு முறையும் ‘டிக்’ என்று கேட்கிறது.

எல்லா நாக்குகளும் ஒரே நேரத்தில் விழும் ஹப்பில் 18 பற்கள் இருந்தால், பிடிப்பு கிடைப்பதற்குள் உருளை 20 பாகை வரை வெறுமனே சுழல நேரலாம். 36 பற்கள் என்றால் 10 பாகை. இது காலுக்கு எவ்வளவு தெரியும் என்பது கியரைப் பொறுத்தது. முன்னால் 32 பல், பின்னால் 16 பல் என்றால் அந்த 20 பாகை பெடலில் 10 பாகையாகக் குறைந்துவிடும். பின்னாலும் 32 பல் என்றால் முழு 20 பாகையும் காலில் தெரியும். அதனால்தான் கல்லும் வேருமான ஏற்றத்தில், மிதிக்க எளிதான கியரில், விட்டு விட்டு மிதிப்பவர் இந்த இடைவெளியை நன்றாக உணர்கிறார். ஆனாலும் பற்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஹப் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வொரு பல்லும் சிறுத்துப்போவதால், நாக்கு சரியாகப் பதிய வேண்டியது இன்னும் முக்கியமாகிறது. அங்கே கெட்டியான கிரீஸை அப்பினால் அந்த மெல்லிய ஸ்பிரிங்குக்கு நாக்கை நிமிர்த்தும் வலு போதாது. அழுத்தி மிதிக்கும் நேரத்தில் பெடல் திடீரென்று வழுக்கிவிடும். மெல்லிய கிரீஸோ எண்ணெயோ சிறிதளவு போதும்.

ஜீப்பின் தேவை வேறு. நான்கு சக்கர இயக்கத்தைத் துண்டித்துவிட்டு ஓட்டினாலும், தரையில் உருளும் முன்சக்கரங்கள் முன் ஆக்சில் தண்டுகளையும், இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கர அமைப்பான டிஃபரன்ஷியலையும் வீணாகச் சுழற்றிக்கொண்டே இருக்கும். எரிபொருள், சத்தம், தேய்மானம் மூன்றுமே கூடுகின்றன. போரில் பயன்பட்டு விற்பனைக்கு வந்த ஜீப்புகளைச் சாலைக்கு ஏற்றவையாக்க, அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் 1948இல் தொடங்கிய நிறுவனம் பூட்டும் ஹப்புகளைத் தயாரித்தது. ஹப்பின் நடுவில் உள்ள திருகியைத் திருப்பினால் உள்ளே பல் வெட்டிய வளையம் ஒன்று நகர்ந்து, ஆக்சில் தண்டையும் சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டுகிறது. இந்தப் பூட்டு இரு திசையிலும் பிடிக்கும் என்பதால், இறக்கத்தில் எஞ்சினின் தடுப்பு முன்சக்கரங்களுக்கும் கிடைக்கிறது.

தானியங்கி ஹப்புகள் ஆக்சில் தரும் விசையைக் கொண்டே பூட்டிக்கொள்கின்றன. அவற்றில் பலவற்றை விடுவிக்க வண்டியைச் சற்றுப் பின்னால் நகர்த்த வேண்டும். செங்குத்தான இறக்கத்தில் விசையின் திசை மாறும்போது சில வகைகள் பிடியை விட்டுவிட வாய்ப்புள்ளதால், கரடுமுரடான பாதைக்குக் கையால் பூட்டுவதையே நான் நம்புவேன்.

ஒரு பக்கத்தை மட்டும் பூட்டிவிட்டு மறுபக்கத்தை மறந்தால், சாதாரண டிஃபரன்ஷியல் விடுபட்ட பக்கத்தின் தண்டை வெறுமனே சுழற்றும். முன்சக்கரம் எதுவும் இழுக்காது. ஹப்புகளைப் பூட்டியபடி இரு சக்கர இயக்கத்தில் ஓட்டினால் கேடு இல்லை. சொல்லப்போனால், அவ்வப்போது அப்படிச் சிறிது தூரம் ஓட்டினால் முன் ஆக்சிலின் உட்பாகங்களுக்கு எண்ணெய் போய்ச் சேரும். திருகி பாதியில் இறுகி நின்றால் இடுக்கியால் முறுக்க வேண்டாம். வண்டியை ஒரு சாண் முன்னோ பின்னோ நகர்த்தினால் உள்ளே பற்கள் ஒன்றுக்கொன்று நேராகி, விரல்களாலேயே அது திரும்பிவிடும்.