பூனை வருடத்து ஆயாவும் சேவல் வருடத்துத் தாத்தாவும்

என் ஆயா 1939-இல் சைகோனில் பிறந்தவர். தாத்தா 1933-இல் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பிறந்தவர். ஆண்டுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு விலங்குகள் சுற்றிவரும் சீன ஆண்டுக் கணக்கில் ஆயா முயல், தாத்தா சேவல். எலி–குதிரை, எருது–ஆடு, புலி–குரங்கு, முயல்–சேவல், டிராகன்–நாய், பாம்பு–பன்றி என்று ஒன்றையொன்று மோதுவதாகச் சொல்லப்படும் ஆறு ஜோடிகளில் அவர்களுடையதும் ஒன்று. அண்மையில் எங்கள் உறவில் நல்லபடியாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு வரன், பையன் சேவல், பெண் முயல் என்று யாரோ கைப்பேசியில் பார்த்துச் சொன்னதால் தட்டிப்போயிற்று. அந்தப் பெண் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள் என்று கேள்விப்பட்டது முதல் இதை எழுதியாக வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

ஆயா தன்னை ஒருபோதும் முயல் என்று சொல்லிக்கொண்டதில்லை. பூனை என்றுதான் சொல்வார். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இங்கிருந்து எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இந்தோசீனாவுக்கு அரசாங்க வேலைக்கும் பட்டாளத்துக்கும் வியாபாரத்துக்கும் போயின. ஆயாவின் அப்பா அப்படிப் போனவர். அம்மா வியட்நாமியப் பெண். வியட்நாமியர் சீனரிடமிருந்து பன்னிரண்டு ஆண்டுக் கணக்கைப் பெற்றாலும், எருதின் இடத்தில் எருமையையும் முயலின் இடத்தில் பூனையையும் வைத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டின் பெயரான ‘மாவ்’ என்பதும், பூனையைக் குறிக்கும் ‘மேவ்’ என்பதும் ஒலியில் நெருங்கியிருப்பதே காரணம் என்று பலர் சொல்வார்கள். விலங்கு மாறினாலும் இடம் மாறவில்லை. முயலுக்கு எது எதிரோ அதுவே பூனைக்கும் எதிர்.

இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். பூனை கோழியைப் பிடிக்கும், அதனால் பகை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அப்படியானால் முயலை வைத்துக்கொண்டிருக்கும் சீனர்களுக்கு இந்தப் பகை எப்படி வந்தது? விலங்குகளின் இயல்பான பகையை வைத்துப் பொருத்தம் பார்ப்பது உண்மையில் நம்முடைய வழக்கம். யோனிப் பொருத்தத்தில் மகமும் பூரமும் எலி, புனர்பூசமும் ஆயில்யமும் பூனை, எனவே ஆகாது. ரோகிணியும் மிருகசீரிடமும் பாம்பு, உத்திராடம் கீரி, எனவே ஆகாது. தெருவில் நாம் கண்ணால் பார்க்கும் பகைதான் அங்கே கணக்காகியிருக்கிறது. சீனக் கணக்கு அப்படிப்பட்டதன்று. அதில் பாம்பும் சேவலும் எருதோடு சேர்ந்து ஒரே நட்புக் கூட்டம். பாம்பைக் கண்ட சேவல் போடும் கூச்சலைக் கேட்ட எவரும் அந்த நட்பை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அந்தக் கணக்கில் விலங்கு என்பது ஓர் அடையாளம் மட்டுமே. அதன் அடியில் இருப்பது திசையும் நேரமும் பருவமும். முயலுக்குரியது கிழக்கு, வசந்தத்தின் நடுமாதம், விடியற்காலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரையிலான பொழுது. சேவலுக்குரியது மேற்கு, இலையுதிர்காலத்தின் நடுமாதம், மாலை ஐந்து முதல் ஏழு வரை. கூவுகிற சேவலுக்கு எப்படி மாலைப்பொழுதைக் கொடுத்தார்கள் என்று சிறுவயதில் ஆயாவிடம் கேட்டிருக்கிறேன். கோழிகள் கூடு அடையும் நேரம் அது என்றார். எங்கள் ஊரில் கடலிலிருந்து எழுந்து ஊசுட்டேரிப் பக்கம் இறங்குகிற சூரியனின் இரண்டு முனைகளே முயலும் சேவலும் என்று எடுத்துக்கொண்டால், அந்த மோதல் ஒருவரையொருவர் கடித்துக்குதறும் பகை அன்று, எதிரெதிர் முனைகளில் நின்று ஒருவரையொருவர் பார்த்திருக்கும் நிலை என்பது விளங்கும். அதற்கு மேல் பஞ்சபூதக் கணக்கும் உண்டு; அவர்களுடைய ஐந்து மரம், தீ, மண், உலோகம், நீர். முயல் மரம், சேவல் உலோகம், கோடரி மரத்தை வெட்டும் என்பது அதன் பொருள். பயப்படுகிறவர்கள் பிடித்துக்கொள்வது இந்தக் கோடரியைத்தான்.

தாத்தா ரொட்டி சுடுகிறவர். மாலையில் எங்கள் வீட்டுக் கோழிகள் பஞ்சாரத்துக்குள் போகும் நேரத்தில் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்படுவார். இரவெல்லாம் மாவு பிசைந்து, விறகு அடுப்பின் முன் நின்று, விடியும்போது நீள ரொட்டிகள் இரண்டைப் பழைய தாளில் சுற்றிக்கொண்டு திரும்புவார். அப்போது ஆயா வாசல் தெளித்துக்கொண்டிருப்பார். வாசற்படியின் இடப்பக்கம் ஒரு பித்தளைக் குடம் நிறையத் தண்ணீர் எப்போதும் இருக்கும். மார்கழிக் காலையில் அந்தக் குடத்தின் வெளிப்புறமெல்லாம் பொடிப்பொடியாக நீர் முத்து கட்டியிருக்கும். தாத்தா அதிலிருந்து மொண்டு, நகக்கண்ணில் காய்ந்துபோன மாவைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவார். நாற்பத்தாறு ஆண்டுகள், விடியலுக்குரியவர் விழிக்கும்போது மாலைக்குரியவர் வீடு திரும்புவதாகவே அவர்கள் குடித்தனம் நடந்தது. சண்டையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆயாவின் சொல் சுருக்கென்று இருக்கும்; தாத்தா பதில் சொல்லாமல் ரொட்டியைப் பிய்ப்பார்.

1958-இல் அவர்கள் திருமணம் நிச்சயமானபோது சைகோனிலிருந்த ஆயாவின் அம்மா, இந்த இரண்டும் சேர வேண்டாம் என்று கடிதம் எழுதினாராம். கடிதம் வந்து சேருவதற்குள் திருமணம் முடிந்துவிட்டது. அடுத்த கடிதத்தில் அவர் ஒரு வழி சொல்லியிருந்தார். உலோகம் நீரைப் பிறப்பிக்கும், நீர் மரத்தை வளர்க்கும். ஆகவே இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் இருந்தால் கோடரி மரத்தின்மேல் நேராக விழாது. மேலும் மாப்பிள்ளை பிறந்த 1933, அறுபதாண்டுச் சுழற்சியில் ‘நீர்ச் சேவல்’ ஆண்டு. அவரிடமே நீர் இருக்கிறது என்று ஆறுதலும் எழுதியிருந்தார். நம் பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபதைப் போலவே அவர்களுக்கும் ஓர் அறுபது உண்டு. பன்னிரண்டு விலங்குகளும் ஐந்து பூதங்களும் கூடி அது உருவாகிறது. செயலிகள் இந்தப் பாதியை விட்டுவிடுகின்றன.

எனக்கும் அதே ஜோடி அமைந்தது. நான் 1987, என் கணவர் 1981. மறுபடியும் பூனையும் சேவலும். எங்கள் இருவருக்கும் முறையே மேஷமும் துலாமும் ராசி. குடும்ப ஜோதிடர் கட்டத்தைப் பார்த்ததும், பெண் ராசியிலிருந்து ஏழாவது, சமசப்தமம், தாராளமாகச் செய்யலாம் என்றார். அன்று திண்ணையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிப் பார்த்த எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் அடங்கவில்லை. பூனையை ஒன்று என்று வைத்து எண்ணினால் சேவலும் ஏழாவது. பன்னிரண்டு கட்டங்கள், நேர் எதிரில் ஏழாம் இடம். நாம் அந்த இடத்தைக் களத்திர ஸ்தானம் என்று வாழ்க்கைத் துணைக்கே ஒதுக்கி வைத்திருக்கிறோம். அவர்கள் அதே இடத்துக்கு மோதல் என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஒன்று, ஐந்து, ஒன்பதாம் இடங்களில் இரு கணக்குகளும் ஒத்துப்போகின்றன: நம்முடைய திரிகோணம், அவர்களுடைய எலி–டிராகன்–குரங்கு, புலி–குதிரை–நாய், முயல்–ஆடு–பன்றி போன்ற மூவர் கூட்டங்கள். ஏழில் மட்டும் பிரிகின்றன. எதிரில் இருப்பவரைத் துணை என்பதா, எதிரி என்பதா என்ற கேள்விக்கு இரண்டு நாட்டாரும் ஆளுக்கொரு பதிலை எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டிலும் உண்மை உண்டு என்பது திருமணமானவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் ராசியில் சந்திரன் இருப்பது ஏறத்தாழ இரண்டே கால் நாள். சீன விலங்கோ ஓர் ஆண்டு முழுவதும் நீடிக்கும். ஆகவே ஆண்டை மட்டும் வைத்துப் பார்க்கும் பொருத்தம், கடைசியில் வயது வித்தியாசமாகவே நிற்கிறது. நான்கு அல்லது எட்டு ஆண்டு இடைவெளி என்றால் நட்பு, ஆறு என்றால் மோதல். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் ஐந்தாறு வயது இடைவெளி பார்க்கும் நம் வீடுகளில் இதை அப்படியே பிடித்துக்கொண்டால் எத்தனை நல்ல வரன்களைத் தள்ள வேண்டியிருக்கும்! முறையாகக் கற்றவர்கள் ஆண்டு, மாதம், நாள், மணி என்னும் நான்கையும் பார்க்கிறார்கள். அவற்றில் துணையைக் குறிப்பது பிறந்த நாளின் விலங்குதான், ஆண்டின் விலங்கு அன்று.

அந்த ஆண்டைக்கூடப் பலர் தவறாகவே கணக்கிடுகிறார்கள். ஜனவரி முதல் தேதியன்று விலங்கு மாறுவதில்லை. புத்தாண்டு ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையில் வரும். 1999-இல் அது பிப்ரவரி 16. மேலே சொன்ன அந்தப் பெண் 1999 பிப்ரவரி முதல் வாரத்தில் பிறந்தவள். அவள் முயலே அல்லள், புலி. புலிக்கும் சேவலுக்கும் இந்த ஆறு மோதல்களில் இடமில்லை. நான் இதைச் சொல்லப் போனபோது பையன் வீட்டில் வேறிடம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஆண்டின் பெயரால் பெண்களைத் தள்ளுவது இங்கு மட்டும் நடப்பதன்று. ஜப்பானில் 1966 தீக்குதிரை ஆண்டு. அவ்வாண்டில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்ற நம்பிக்கையால், 1965-இல் 18 லட்சத்தைத் தாண்டியிருந்த பிறப்பு அவ்வாண்டு ஏறக்குறைய 13 லட்சத்து 60 ஆயிரமாக இறங்கியது. ‘பெண் மூலம் நிர்மூலம்’ என்று சொல்லி எத்தனை பெண்களை வீட்டிலேயே உட்கார வைத்திருக்கிறோம் என்பதை நினைத்தால், அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆயா என் திருமணத்தைத் தடுக்கவில்லை. ஆனாலும் அவர் கவலைப்பட்டது எனக்குத் தெரியும். என் கணவர் பிறந்தது உலோகச் சேவல் ஆண்டு, நான் பிறந்தது தீப் பூனை ஆண்டு. தாத்தாவிடம் இருந்த நீர் எங்கள் இருவரிடமும் இல்லை. லாஸ்பேட்டையில் நாங்கள் தனிக்குடித்தனம் போன அன்று, எழுபத்திரண்டு வயதில், ஆட்டோவில் மடியிலேயே வைத்து அந்தப் பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்தார். வாசற்படியின் எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்டேன். உள்ளே வருகிறவருக்குக் கை எட்டும் பக்கம் என்றார். அவர் போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கும் வேலையை என் கணவர் எடுத்துக்கொண்டார். தண்ணீர் நிரப்புவது நான்.