சியென்-பாவைப் பின்வரிசைக்கு அனுப்பிய பிறகு

நேற்று இரவு போக்கிமான் வீடியோ கேமில் தொடர்ந்து 7 ஆட்டம் ஜெயித்தேன். சிலருக்கு இது சாதாரணம். போன மாதம் இதே ஆறு போக்கிமானை வைத்துக்கொண்டு 20 ஆட்டத்தில் 14 தோற்றவனுக்கு இது தீபாவளி. அணியில் ஒருவரைக்கூட மாற்றவில்லை. மாற்றியது இரண்டு விஷயம்தான்: அணியின் அதிவேகப் போக்கிமான் சியென்-பாவ் களத்தில் இறங்கும் நேரம், அதன் நேச்சர் (எந்தத் திறன் கூடும், எது குறையும் என்று தீர்மானிக்கும் குணம்).

நாங்கள் ஆறேழு பேர் இன்னமும் ரெகுலேஷன் எஃப் என்ற பழைய போட்டி விதியிலேயே ஆடிக்கொண்டிருக்கிறோம். டபுள்ஸ் (ஆளுக்கு இரண்டு போக்கிமான் களத்தில், இரண்டு பின்னால்), ஓப்பன் டீம் ஷீட் (அணியில் யார், கட்டிய பொருள், அடிகள் எல்லாம் எதிராளிக்கும் தெரியும்), பெரிய லெஜண்டரிகளுக்கு இடமில்லை. பயிற்சிக்கு ஷோடவுன் என்ற இணைய சிமுலேட்டர், மானப் பிரச்சினைக்கு ஸ்விட்ச் கன்சோல். புது விதி வரும்போதெல்லாம் புது அணி கட்ட எங்களில் யாருக்கும் நேரமில்லை. என் அணி: சியென்-பாவ், நீர் உர்ஷிஃபு, இன்சினரோர், டோர்னடஸ், ரேஜிங் போல்ட், நெருப்பு முகமூடி ஓகர்பான். அரைத்த மாவுதான், தெரியும்.

தோற்ற 14 ஆட்டத்தின் ரீப்ளேயையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தேன். 11-ல் சியென்-பாவ் முதல் இரண்டு டர்னுக்குள் செத்திருக்கிறது. 5-ல் ஒரு அடிகூட அடிக்கவில்லை. எல்லாம் ஒரே மாதிரிச் சாவு. நான் சியென்-பாவையும் டோர்னடஸையும் முன்னால் இறக்குவேன். எதிரே இன்சினரோர், ஃப்ளட்டர் மேன். இன்சினரோரின் இன்டிமிடேட் திறனில் என் அட்டாக் ஒரு படி இறங்கும். அப்புறம் அதன் ஃபேக் அவுட்: களத்துக்கு வந்த டர்னில் மட்டும் போடக்கூடிய, வாங்கியவரை அந்த டர்ன் முடக்கும் அடி. அது எடுப்பது கொஞ்சம்தான், ஆனால் 155 ஹெச்பி (உயிர்ப் புள்ளி) முழுசாக இல்லாமல் போகிறதே, அது போதும். முழு ஹெச்பியில் இருந்தால் மட்டும் ஒரே அடியில் சாகவிடாமல் 1 ஹெச்பியில் நிறுத்தும் ஃபோக்கஸ் சாஷ், செலவாகாமலே செல்லாக்காசு ஆகிவிடும். பின்னாலேயே ஃப்ளட்டர் மேனின் மூன்பிளாஸ்ட். சியென்-பாவ் கீழே விழும், சாஷ் இடுப்பில் கட்டியபடியே இருக்கும்.

முதல் டர்னில், அந்த டர்ன் அடிகளைத் தடுக்கும் ப்ரொடெக்ட் போட்டும் பார்த்தேன். ஃபேக் அவுட் வீணாகும், சரி. ஆனால் அந்த ஒரு டர்னில் எதிராளி தன் பக்கத்து வேகத்தை இரட்டிப்பாக்கும் டெயில்விண்டைப் போட்டுவிட்டால் வேகமே எனக்கு இல்லை. 163 வேகம் உள்ள உர்ஷிஃபு 326-ல் வந்து நிற்கும். அதன் சர்ஜிங் ஸ்ட்ரைக்ஸ் மூன்று அடி. முதல் அடியிலேயே ஹெச்பி குறைந்துவிடுவதால் அடுத்த அடிகளுக்குச் சாஷ் காவல் இல்லை. ப்ரொடெக்ட்டையும் அது ஊடுருவும். இந்த ஒரு மிருகம் மட்டும் இல்லாவிட்டால் சாஷ் கட்டியவர்கள் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கலாம்.

அயர்ன் பண்டில் இன்னொரு வயிற்றெரிச்சல். சியென்-பாவின் அடிப்படை வேகம் 135, பண்டிலுக்கு 136. 50-ஆம் லெவலில் முழு முதலீட்டோடு எனக்கு 205, அதற்கு 206. அந்த ஒரு புள்ளியில் முந்தி வந்து, வேகத்தைக் குறைக்கும் ஐசி விண்ட் ஊதும். வலிக்கவே வலிக்காது, ஆனால் சாஷும் போச்சு, வேகம் 136-க்கு இறங்கியும் ஆச்சு.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டதும் உண்டு. இதற்கு முந்தைய அணியில் ஓகர்பான் இடத்தில் கார்சோம்ப் இருந்தது. பழக்கதோஷத்தில், பக்கத்து ஆளையும் சேர்த்து அடிக்கும் எர்த்குவேக்கை அழுத்திவிட்டு, பக்கத்தில் சியென்-பாவ் நிற்கிறது என்று ஞாபகம் வந்தபோது அனிமேஷன் தொடங்கிவிட்டது. அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "மாமா, நீங்க யார் பக்கம்?" என்றான்.

பின்வரிசை யோசனை எனக்குத் தானாக வரவில்லை, கை தவறி வந்தது. ஓர் ஆட்டத்தில் டீம் பிரிவியூவில் அவசரமாக நாலு பேரைத் தேர்வு செய்ததில் வரிசை மாறி, இன்சினரோரும் ஓகர்பானும் முன்னால் போய்விட்டார்கள். சியென்-பாவ் பின்னால். ஐயோ என்று தலையில் கை வைத்தேன். நாலாவது டர்னில் என் இன்சினரோர் விழுந்ததும் சியென்-பாவ் இலவசமாக உள்ளே வந்தது. அப்போது எதிராளியின் டெயில்விண்ட் தீர்ந்திருந்தது. அவனுடைய ரில்லபூம் வந்த டர்னிலேயே ஃபேக் அவுட்டைச் செலவழித்துவிட்டது, வெளியே போய்த் திரும்பி வந்தால்தான் அடுத்தது. இன்டிமிடேட் இல்லை, 155-க்கு 155, சாஷ் பத்திரம். எதிரே நின்ற இரண்டும் ஏற்கெனவே அடிபட்டவை. ஐசிகிள் கிராஷ், அடுத்த டர்ன் சக்கர் பஞ்ச், முடிந்தது. தப்பாக அழுத்திய ஆட்டத்தில்தான் அந்த வாரமே முதன்முறையாக நாலு டர்ன் தாண்டியும் சியென்-பாவ் உயிரோடு இருந்தது.

சிங்கிள்ஸில் இருந்து வந்தவர்களுக்கு இது உறைக்க நாளாகும். அங்கே ஸ்டெல்த் ராக் இருக்கும், பின்னால் காத்திருந்தால் உள்ளே வரும்போதே சாஷ் உடையும். அதனால் சாஷ் கட்டியவனை முதலில் அனுப்பிப் பழகிவிடுகிறோம். டபுள்ஸில் ராக் போட எவனுக்கும் டர்ன் இல்லை. மணல் புயல் அணி வந்தால் மட்டும் கவனம். பனி இந்தத் தலைமுறையில் யாரையும் கடிப்பதில்லை.

ஷீட்டில் சாஷ் இருப்பது எதிராளிக்குத் தெரியும். முன்னால் நின்றால் இரண்டு பேரும் அதன்மேலேயே பாய்வார்கள். பின்னால் இருந்தால், வரப்போகிறது என்று தெரிந்தும் எதுவும் செய்ய முடியாது. ஃபேக் அவுட்டைச் சேமித்து வைக்க இன்சினரோரை வெளியே இழுப்பார்கள், அந்த டர்னில் என் உர்ஷிஃபு இலவசமாக அடிக்கும். சியென்-பாவ் இன்னும் பந்துக்குள்தான் இருக்கிறது, வேலை நடந்துகொண்டிருக்கிறது.

இனி நேச்சர். இரண்டு வாரம் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான்.

எல்லாரும் போல, வேகத்தைக் கூட்டும் ஜாலிதான் வைத்திருந்தேன். வேகம் 205, அட்டாக் 172. அட்டாக்கைக் கூட்டும் அடமண்ட் என்றால் வேகம் 187, அட்டாக் 189. 18 புள்ளி வேகத்தைக் கொடுத்து 17 புள்ளி அட்டாக் வாங்குகிறோம். வேகத்துக்காகவே வைத்திருக்கும் ஆளின் வேகத்தைக் குறைப்பதா என்று யாரும் கேட்பார்கள், நானும் கேட்டுக்கொண்டேன். அப்புறம் 187-க்கும் 205-க்கும் நடுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதிப் பார்த்தேன். முழு வேக மியாவ்ஸ்கராடா 192, வீவைல் 194. எங்கள் குழுவில் இரண்டையும் யாரும் ஆடுவதில்லை. அயர்ன் வேலியண்ட் 184, டோர்னடஸ் 179, ஓகர்பான் 178. எல்லாம் 187-க்குக் கீழே. எங்கள் குழுவில் மிச்சம் இருப்பது 205-லேயே உட்கார்ந்திருக்கும், வேகத்தைக் கூட்டும் டிமிட் நேச்சர் ஃப்ளட்டர் மேன். அதனோடு ஜாலியும் ஜெயிப்பதில்லை, டை ஆகிறது. காசு சுண்டிப் போட்டு ஆடுவதற்கு நான் எதற்கு 252 ஈவியை, அதாவது பயிற்சிப் புள்ளியை, கொட்ட வேண்டும்?

சக்கர் பஞ்சுக்கு வேகமே வேண்டாம், முன்னுரிமை இருக்கிறது. ஆக கேள்வி, அது ஃப்ளட்டர் மேனைக் கொல்லுமா என்பதுதான். ஹெச்பியிலும் டிஃபென்ஸிலும் ஒன்றும் போடாத ஃப்ளட்டர் மேனுக்கு ஹெச்பி 130, டிஃபென்ஸ் 75. சியென்-பாவின் ஸ்வார்ட் ஆஃப் ரூயின் திறன் டிஃபென்ஸில் நாலில் ஒரு பங்கைப் பிடுங்கிக்கொள்வதால் அது 56. ஜாலி சக்கர் பஞ்ச் 121 முதல் 144 வரை எடுக்கிறது. அடியின் பலம் அதிர்ஷ்டப்படி 16 விதமாக விழும், அந்த 16 ரோலில் 10-ல்தான் சாவு. அடமண்டில் குறைந்தபட்ச ரோலே 133. பதினாறுக்குப் பதினாறு! கால்குலேட்டரில் இதைப் பார்த்தபோது இரவு ஒன்றரை மணி. நம்பாமல் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தேன், அதே 133.

தடித்த ஃப்ளட்டர் மேன் வந்தால் இந்தக் கணக்கு செல்லாது. எதிரே ஜாலி சியென்-பாவ் இருந்தால் அதன் சேக்ரட் ஸ்வார்ட் முதலில் விழும், சாஷ் ஒரு அடியைத்தான் தாங்கும், அடுத்ததில் நான் காலி. இதுவரை அப்படி 2 ஆட்டம் தோற்றேன். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேச்சர் டீம் ஷீட்டில் வராது. எல்லாரும் என்னை ஜாலி என்றே நினைத்து ஆடுகிறார்கள், அந்த லாபம் தனி.

பின்வரிசை சியென்-பாவுக்குக் கடைசிக் கட்டம்தான் பரீட்சை. போன வாரம் ஓர் ஆட்டம் இப்படி வந்து நின்றது: என் பக்கம் 1 ஹெச்பியில் சியென்-பாவ் மட்டும். எதிரே ரேஜிங் போல்ட் மட்டும், கால்வாசி ஹெச்பி. ஷீட்டில் அதற்கு தண்டர்கிளாப், டிராகோ மீட்டியர், காம் மைண்ட், ப்ரொடெக்ட். நான் ஐசிகிள் கிராஷ் போட்டால் தண்டர்கிளாப் முந்திவிடும். சக்கர் பஞ்ச் போட்டால் இரண்டுக்கும் ஒரே முன்னுரிமை, வேகம் என்னுடையது, நான் முந்துவேன். ஆனால் அவன் ப்ரொடெக்டோ காம் மைண்டோ போட்டால், அடிக்க வருபவன்மேல் மட்டுமே பலிக்கும் என் குத்து காற்றில் போகும். நான் ப்ரொடெக்ட் போட்டால் அவன் தண்டர்கிளாப் காற்றில் போகும். இரண்டு பேரும் டைமர் முடியும்வரை அழுத்தவில்லை. நான் சக்கர் பஞ்ச், அவன் ப்ரொடெக்ட். அடுத்த டர்னும் சக்கர் பஞ்சையே அழுத்தினேன். அடுத்தடுத்து ப்ரொடெக்ட் போட்டால் மூன்றில் ஒன்றுதான் பலிக்கும், காம் மைண்ட் போடும் தைரியம் அவனுக்கு இருக்காது என்று ஒரு கணக்கு. தண்டர்கிளாப்பை அழுத்தியிருந்தான். ரேஜிங் போல்ட் விழுந்தது. மொட்டை மாடிக்குப் போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

ஸ்வார்ட் ஆஃப் ரூயின் எதிராளியை மட்டும் வெட்டுவதில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பக்கத்தில் நிற்கும் நம் ஆளின் டிஃபென்ஸையும் நாலில் ஒரு பங்கு குறைக்கும். என் இன்சினரோர் வழக்கமாகத் தாங்குகிற அடியில் ஏன் விழுகிறது என்று ஒரு வாரம் ஈவியைப் பிசைந்துகொண்டிருந்தேன். காரணம் பக்கத்திலேயே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. பின்வரிசைக்குப் போனதில் இதுவும் சரியானது. இன்சினரோர் இருக்கும்வரை சியென்-பாவ் இல்லை, சியென்-பாவ் வரும்போது இன்சினரோருக்குக் கவலை இல்லை.

எதிராளியின் அடிகளைத் தன்மேல் இழுக்கும் ஃபாலோ மீ வைத்து சியென்-பாவை முன்வரிசையிலேயே காப்பாற்றலாமே என்று குழுவில் ஒருவர் சொன்னார். 2014 உலகப் போட்டியில் தென்கொரியாவின் சே ஜுன் பார்க் ஃபாலோ மீ போடும் பச்சிரிசுவை வைத்துக்கொண்டே கோப்பையைத் தூக்கினாரே என்று உதாரணம் வேறு. ஓகர்பானை வைத்து முயன்றேன். ஐசி விண்ட் மாதிரி இரண்டு பேரையும் தாக்கும் அடிகளை ஃபாலோ மீ இழுக்காது, சாஷ் மறுபடியும் போயிற்று. கிளெஃபேரியும், பக்கத்து ஆள் வாங்கும் அடியைக் குறைக்கும் அதன் ஃபிரெண்ட் கார்டும் வேறு கதை, அது அடுத்த அணிக்கு.

இதெல்லாம் ஷோடவுனில். ஸ்விட்சில் உள்ளதை மாற்றுவதற்குள் பாக்கெட் காலி. நேச்சரை மாற்றும் அடமண்ட் மின்ட் கேம் காசில் 20,000. ஒரு ஸ்டாட்டை 252-க்கு ஏற்ற வைட்டமின் 26 வேண்டும், ஒன்று 10,000. நல்லவேளை, அட்டாக்கும் ஸ்பீடும் முன்பே ஏற்றி வைத்தவை, மின்ட்டோடு போயிற்று. அகாடமி ஏஸ் டோர்னமென்ட்டைத் திரும்பத் திரும்ப ஆடிக் காசு சேர்த்தேன். எட்டாவது ஜெயமும் நேற்றே கிடைத்திருக்கும், இரண்டாவது டர்னில் வீட்டு இணையம் போய்விட்டது. வாடிக்கையாளர் சேவைக்காரர் ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னார். மூன்று வருஷமாக அதையேதான் சொல்கிறார்.

அடுத்தது, ஐசிகிள் கிராஷுக்குப் பதில் ஐஸ் ஸ்பின்னர். ஐசிகிள் கிராஷின் 90 சதவீதம் என்னை நாலு முறை கைவிட்டிருக்கிறது. ஸ்பின்னர் 80 பவர்தான், ஆனால் தவறாது, ரில்லபூமின் புல்தரையையும் துடைத்துவிடும், அதன் கிராஸி கிளைட் முந்தி வராது. சிக்கல், அது தொட்டு அடிக்கும் அடி. 1 ஹெச்பியில் நிற்கும்போது எதிரே அமூங்கஸ், தொட்டவரைக் குத்தும் ராக்கி ஹெல்மெட் மாட்டியிருந்தால் அடித்த கையோடு நானும் சாவேன். 10 ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு. முதல் 3-ல் 2 ஜெயம், அதற்குள் எதுவும் சொல்ல முடியாது.

ஸ்விட்சில் இன்னொரு வேலையும் பாக்கி. ஷோடவுனில், ஆட்ட நடுவில் போக்கிமானின் வகையை மாற்றும் டெராவுக்கு கோஸ்ட் வைத்துப் பழகிவிட்டேன். ஃபேக் அவுட், எக்ஸ்ட்ரீம் ஸ்பீட், குளோஸ் கோம்பாட் எதுவும் தொடாது. ஸ்விட்சில் இருப்பது பிடித்தபோது இருந்த டெராவிலேயே இருக்கிறது. மாற்ற 50 கோஸ்ட் ஷார்டு வேண்டும். கோஸ்ட் ரெய்டு தேடித் தேடி 31 சேர்த்திருக்கிறேன். இன்று இரவு அக்கா மகனும் சேர்ந்துகொள்கிறான், எர்த்குவேக் அழுத்த மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு.